ரோட்டுக் கல்லில் விட்டுப்போன பெயர்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பர்மாவில், தின்கன்ஜூனில், மூங்கில் தட்டி வீடு நின்ற இடத்தில் செங்கல் வீடு கட்டினேன். செத்துப்போன இரண்டு லாரிகளை வாங்கி, ஒன்றின் எஞ்சினை மற்றொன்றின் உடம்பில் பொருத்தி, ஓடுகிற ஒரு லாரி செய்தேன். அந்த ஒன்றை மூன்றாக்கினேன். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் என் அப்பா மணல் கூடை சுமந்து ஏறிய அதே படிக்கட்டில், மணலுக்கு விலை பேசுகிறவனாக வந்து நின்றேன். கலவரத்தில் ஊர் தலைகீழான எண்பத்தெட்டில் என் கல் கிடங்கை வெறும் தரையாக்கிவிட்டுப் போனார்கள். ஜல்லியைக்கூட விடவில்லை. எறிவதற்கு உதவும் என்று எடுத்திருப்பார்கள். அதே தரையில் ஒரு கூடையும் ஒரு மண்வெட்டியுமாக மறுபடி உட்கார்ந்தவன் நான். கோவில் மடைப்பள்ளிக்குத் தளம் போட்டேன். சுடுகாட்டுப் பாதைக்குக் கல் பரப்பினேன். இன்றைக்கு என்னைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் அந்த வழியாகத்தான் போக வேண்டும், குலுங்காமல் போவார்கள்.

கடைசியாக, எங்கள் தெருவுக்கு ரோடு போட்டேன். இதை எழுதுவது அதற்காகத்தான்.

பள்ளிக்கூடத்தில் நான் இருந்தது கொஞ்ச காலம். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். பர்மிய எழுத்தில் என் பெயரும் லாரி நம்பரும் படிக்கத் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை. இதை அச்சில் போடுகிறவர் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

எங்கள் தெரு முனையில் ஒரு வெள்ளைக் கல் நிற்கிறது. இந்த ஊரில் யாராவது ஒரு நல்லது செய்தால் கல்லில் பெயர் வெட்டுவார்கள். கிணறு, மண்டபம், வழிப்போக்கர் குடிக்கத் தண்ணீர்ப் பானை வைக்கும் மாடம், எதுவானாலும் பக்கத்தில் ஒரு கல் இருக்கும். அதை வீண் பெருமை என்று சொல்லக் கூடாது. அந்த வழியாக வருகிறவன் பெயரைப் படித்து, ‘தாடு, தாடு, தாடு’ என்று, அதாவது நல்லது என்று, மூன்று தடவை சொன்னால் கொடுத்தவனின் புண்ணியத்தில் அவனுக்கும் பங்கு உண்டு. செத்த பிறகும் ஒருவனுடைய பெயர் வேலை செய்துகொண்டிருக்கும். என் அப்பாவுக்குக் கல்லே கிடையாது. படிக்கட்டில் தேய்ந்துபோன குழிதான் அவருக்கு அடையாளம். எனக்கு ஒரு கல் வேண்டும் என்று அந்த ரோடு போடுகிற நாளிலிருந்தே ஆசை, ஒளிக்கவில்லை. கல் நட்டதும் போய் மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினேன். கீழிருந்து மேலேயும் தேடினேன். என் பெயர் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெரிய புயலைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டெல்டாப் பக்கம் ஊர் ஊராகப் போனது. எங்கள் தெருவில் உயிர் போகவில்லை, கூரைகள் போயின, ரோடு போயிற்று. இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன் காலத்துத் தூங்குமூஞ்சி மரங்கள். அவை சாய்ந்தபோது வேர், ரோட்டையும் சாக்கடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்தது. மரத்தை அறுத்து ஏற்றிப்போக வந்த வண்டிகள் மிச்சத்தை உழுதுவிட்டுப் போயின. மேலே மழைக்காலமும் வந்து உட்கார்ந்தது. லௌஞ்சியை, இங்கத்து லுங்கியை, தொடை வரை தூக்கிக் கட்டிக்கொண்டு ஆண், பெண் எல்லோரும் சேற்றில் நடந்தோம். சைக்கா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, தெருவுக்குள் வர மறுத்தது. பிரசவ வலி எடுத்தவளைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிப்போனார்கள்.

ரோடு போடுகிற ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஊர் முழுக்க உடைந்து கிடக்கிறது, பெரிய ரோடுகள் முதலில். சந்துகளுக்கு ரோலர் வரும், ஓட்டுகிற ஆள் வருவார். கல், தார், சாக்கடைச் செலவு தெருக்காரர்களுடையது. பணம் சேர்ந்ததும் வந்து சொல்லுங்கள் என்றார்.

டீக்கடையில் கூடிப் பேசினோம். டீக்கடை பாய் எங்கள் தமிழ் முஸ்லிம். அவருடைய பாட்டன் காலத்திலிருந்து அந்தத் தெருவில் வியாபாரம். எதற்கும் நல்லவர் பெயர் வாங்குகிற மனுஷர்.

“கூரையே இல்லாதவன்கிட்ட ரோட்டுக்குன்னு எப்படிண்ணே கேக்குறது?” என்றார்.

“வாயாலதான்.”

“குடுக்க மாட்டாங்கண்ணே.”

“குடுக்கற வரைக்கும் கேப்பேன். பாய், கூரைக்குத் தகரம் எதுல வரும்? லாரியில வரும். லாரி எதும்மேல வரும்? உங்க டீ ஆவி மேலயா வரும்?”

“கல்லும் அந்த லாரியிலதான் வரணும். லாரி யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்” என்று மூலையிலிருந்து ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. “கல்லை வாங்கின விலைக்கே தர்றேன். லாபம் ஒரு காசு வேண்டாம். டீசல் என்னுது. வசூல் பண்றதும் நானே. உங்கள்ல எவன் வெயில்ல நிக்கிறீங்க, கை தூக்குங்க” என்றேன். ஒரு கை எழவில்லை. பாய் எனக்கு இன்னொரு டீ வைத்தார். அப்படித்தான் அந்த வேலை என் தலையில் ஏறியது.

இந்த ஊர் வசூலை ஊரில் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய ரோடு ஓரத்தில் பந்தல் போட்டு, மேஜை மேல் மைக் வைத்து, பெண்கள் வரிசையாக நின்று வெள்ளிக் கிண்ணத்தைக் குலுக்குவார்கள். உள்ளே பழைய நாணயங்கள். செல்லாமல் போய் எவ்வளவோ காலமாயிற்று, சத்தத்துக்காக மட்டும் கிடக்கின்றன. பஸ், கார், நடந்து போகிறவர்கள் எல்லோரும் போகிற போக்கில் நோட்டு போடுவார்கள். தெருக்காரர்கள் மேஜைக்கு வந்து தொகையைச் சொல்லிக் கொடுப்பார்கள். உடனே மைக்கில் பெயரும் தொகையும் வரும், கூட்டம் தாடு சொல்லும்.

முதல் வாரம் வழக்கப்படி நடத்தினேன். தேனாகப் பேசினேன். சேர்ந்த பணம் ஒரு லாரி ஜல்லிக்குக் காணாது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கொடுத்தவன் பெயரைச் சொல்கிற மைக்கில் கொடுக்காதவன் பெயரைச் சொன்னால் என்ன? அப்படிச் சொன்ன முதல் ஆள் இந்த ஊரில் நான்தான். அதற்கு முன் யாருக்கும் தோன்றியதில்லை, தோன்றியிருந்தாலும் தைரியம் வந்திருக்காது. என் பர்மியப் பேச்சு துறைமுகத்தில் கற்றது, முரடு. அது அன்றைக்கு உதவியது. தெருவின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாக வந்தேன். “பச்சைக் கதவு வீடு, தகரம் புதுசு, கை மட்டும் இன்னும் உறைக்குள் இருக்கிறது.” “மாடி வீட்டு ஐயா ரோட்டில் கால் வைக்காமல் பறந்து போவார் போலிருக்கிறது.” இப்படி. பெயரோடு சொன்னேன், பெண்டாட்டி பெயரோடும் சொன்னேன்.

தெரு முனையில் நிற்கிற சைக்காக்காரன் ஒருவனைச் சொன்னேன்: “தினமும் இந்த ரோட்டில் சக்கரம் உருட்டிப் பிழைக்கிறவர், கிண்ணத்தை மட்டும் கண்ணால் பார்க்க மாட்டார்.” அவன் ஓட்டமாக வீட்டுக்குப் போய், சுருட்டிய நோட்டோடு வந்து மேஜையில் வைத்தான்.

“ஊலே, பொண்டாட்டி மருந்துக்கு வச்சிருந்தது” என்றான். ஊலே என்றால் இங்கே மாமா மாதிரி, பெரியவர்களைக் கூப்பிடுகிற சொல்.

“புண்ணியம் அவளுக்கும் போய்ச் சேரும்” என்று சொல்லி, அவன் பெயரை மூன்று தடவை வாசித்தேன். கூட்டம் தாடு சொன்னது. அவன் பெயர் இன்றைக்கு அந்தக் கல்லில் இருக்கிறது. என்னிடம் பேசுவதில்லை. வாங்கிக் கொடுத்தது நான் என்பதை அவன் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு கிண்ணத்தைப் பந்தலிலிருந்து கிளப்பி வாசல் வாசலாகக் கொண்டுபோனேன். கொடுக்காத வீட்டின் முன்னால் பெண்களை நிறுத்தி, கதவு திறக்கிற வரை குலுக்கச் சொன்னேன். சத்தம் தாங்காமல் திறந்தவர்கள்தான் அதிகம். தொட்டில் குழந்தை அழ அழ ஒருத்தி சேலைத் தலைப்பில் முடிந்த நோட்டை அவிழ்த்துப் போட்டாள். ரோடு அப்படித்தான் வரும். யாரும் புன்னகையோடு கல் கொடுத்ததில்லை.

ஒரு கதவு மட்டும் என் கையில் மசியவில்லை.

எதிர்வரிசையில் கடைசிக்கு முந்தின வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற தமிழ்க் கிறிஸ்தவ அம்மா. கல்யாணம் கட்டாதவர். அப்பா கம்பெனி குமாஸ்தா. தெருவில் எல்லோரும் ‘ஸயாமா’ என்போம், டீச்சரம்மா என்று அர்த்தம். முன்னறையில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார், அதுதான் அவருக்குச் சோறு. பலகைச் சுவர், தரையோடு தரையாகச் சிமெண்டுத் தளம். பக்கத்திலேயே காலி மனை, அதுவும் அவருடையது. புயலுக்கு முன்பே என் லாரி நிறுத்த அதை விலைக்குக் கேட்டிருந்தேன். “விக்கிறதுக்கு இல்ல மேஸ்திரி” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். நியாயமான விலைதான் சொன்னேன்.

அவர் வாசலில் நான்கு கிண்ணங்களை நிறுத்தினேன். வெளியே வந்தார்.

“மேஸ்திரி, சத்தத்தை நிறுத்தச் சொல்லுங்க. பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்குது.”

“உள்ள ஒண்ணு விழுந்தா சத்தம் தன்னால நிக்கும் ஸயாமா.”

“நான் குடுக்கறதை நான் குடுத்துக்கறேன். எம் பேரை மட்டும் அந்த மைக்குல சொல்லாதீங்க.”

“பேர் சொல்லாம வாங்கற வழக்கம் இந்த ஊர்ல இல்லையே.”

“சொல்லிக் குடுக்கற வழக்கம் எங்க வீட்ல இல்ல. ஊரைக் கூட்டிக் குடுத்தா அது குடுத்ததுல சேராதுன்னு எங்கப்பா சொல்லுவாரு.”

“சொல்லாம குடுத்தா குடுத்தீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.”

“அவரு வந்து தார் ஊத்துவாரா?”

கிண்ணம் பிடித்த பெண்கள் சிரித்தார்கள். தெரு முனையில் மொஹிங்கா விற்கிற பர்மியக்காரி மட்டும் சிரிக்கவில்லை. காலையில் எல்லோரும் அவளிடம்தான் மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடுவோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் சிரிக்கவில்லை என்று நினைத்தேன். ஸயாமா உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார். நான் சாயங்கால மைக்கில் சொன்னேன்: “இந்தத் தெருவிலேயே அதிகம் படித்த கை, அதிகம் மூடிய கை.” மறுநாளும் சொன்னேன். தினமும் ஒரு புதுச் சொல் கண்டுபிடித்துச் சொன்னேன். பிள்ளைகள் ட்யூஷனுக்குப் போகும்போது அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு போயின.

இப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் மொஹிங்காக்காரி பெரிய ரோட்டிலிருந்து கிண்ணத்தோடு மேஜைக்கு வந்தாள். நோட்டுகளுக்கு நடுவில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்று. அவிழ்த்தால் தங்கச் சங்கிலி. நல்ல கனம், பழைய வேலைப்பாடு.

“யாரு போட்டது?” என்றேன்.

“போற வழியில யாரோ” என்றாள் அவள்.

தங்கக் கடையில் விலை போட்டுப் பார்த்தோம். தெருவுக்கு வேண்டிய தார் முழுவதற்கும் அது போதும். பாய் டீத்தூள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். நான் மைக்கைப் பிடித்தேன். அன்றைக்குப் பேசியது மாதிரி நான் எப்போதும் பேசியதில்லை. ஊர் பெயர் தெரியாத ஒரு வழிப்போக்கர், நம் ரோட்டில் ஒருநாள்கூட நடக்கப்போகாதவர், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். “இந்தத் தெருவிலேயே சேற்றைத் தாண்டித் தாண்டிப் போகிற ஸயாமா, காதைத் திறந்து கேளுங்கள், கொடுப்பது எப்படி என்று அந்த மகராசனிடம் பாடம் கேட்டுக்கொள்ளுங்கள்” என்றேன். ஸ்பீக்கரை அவர் வீட்டுப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தேன். தெருவே மூன்று தடவை தாடு சொன்னது. அந்த அம்மா ஜன்னலில் நின்றிருந்தார். வாய் அசையவில்லை.

மழை ஓய்ந்து குளிர்காற்று தொடங்கியதும் ரோலர் வந்தது. என் கல் இறங்கியது. கீழே பெரிய கல்லைக் கையால் அடுக்கி, அதன் மேல் நடுத்தரம், அதன் மேல் பொடிக்கல், பீப்பாயில் தார் காய்ச்சி ஊற்றினோம். பழைய மட்டத்தில் போட்டால் அடுத்த மழையில் மறுபடி போய்விடும் என்பதால் முழங்கால் உயரத்துக்கு ரோட்டைத் தூக்கினேன். அது என் யோசனை. சாக்கடையும் கட்டினேன். கொடுத்த வீட்டு வாசல்களில் புதுச் செங்கல், புது மூடி. கொடுக்காத வாசலில் வேர் உடைத்ததை உடைந்தபடி விட்டேன். அப்படி விட்ட வாசல் தெருவில் ஒன்றுதான்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது ரோலர்காரர் இறங்கி, “சரிவு எப்படி வைக்கிறது?” என்று கேட்டார். நடுவில் மேடாக வைத்து இரண்டு பக்கமும் சரிப்பதுதான் வழக்கம். நான் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பிடித்து, கயிறு கட்டிக் காட்டினேன். பாய் ஓடி வந்தார்.

“அண்ணே, எல்லாம் ஒரே பக்கமா சாயுதே!”

“சாயட்டும்.”

“ஸயாமா வீடு பள்ளத்துல இருக்குண்ணே.”

“அந்த வீடு இருந்த இடத்துலதான் இருக்கு பாய். நாமதான் உசந்துட்டோம். குடுத்தவன் வாசல்ல தண்ணி நிக்கக் கூடாது. தண்ணி எங்கயாவது போயாகணும்ல?”

பாய் கடைக்குத் திரும்பிப் போனார். அவருடைய கடை என் வரிசையில் இருக்கிறது. அவர் வாசலும் நனையாது. இதை இப்போது அவர் யாரிடமும் சொல்வதில்லை.

அடுத்த மழைக்காலம் வந்தது. முதல் பெருமழையில் குடையோடு போய்த் தெரு நடுவில் நின்று பார்த்தேன். என் ரோட்டில் ஒரு சொட்டு நிற்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. சைக்காக்கள் மணியடித்துக்கொண்டு போயின. எதிர்வரிசையில் கடைசிக்கு முந்தின வாசலில், உடைந்த சாக்கடையில் தண்ணீர் நிறைந்து, நிலைப்படி தாண்டி, கதவுக்குக் கீழே நுழைந்தது. சத்தமே இல்லை.

முதலில் பிள்ளைகள் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டு படித்தன. பிறகு பெஞ்சின் கால்கள் ஊறின. தாய்மார்கள் காய்ச்சலைச் சொல்லி ஒவ்வொருவராகப் பிள்ளையை நிறுத்தினார்கள். ஒருநாள் நானே போனேன். ஸயாமா முட்டளவு தண்ணீரில் நின்று, அலமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேல்தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பக்கங்கள் உப்பி, மூட முடியாமல் இருந்தன.

“வாங்க மேஸ்திரி. உக்காரச் சொல்ல இடமில்ல” என்றார். “உங்க ரோடு ரொம்ப நல்லாருக்கு. ஒரு சொட்டு நிக்கல. எல்லாம் இங்க வந்துதான் நிக்குது.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல ஸயாமா. மைக் எங்கிட்டதான் இருக்கு. ஒரு பேரு, ஒரு தொகை, எவ்வளவு சின்னத் தொகையா இருந்தாலும் சரி. நாளைக்கே ஆள் விட்டு வாய்க்கால் வெட்டித் தர்றேன்.”

கையில் இருந்த புத்தகத்தை என் தலைக்கு மேல் இருந்த தட்டில் வைத்தார். அவருடைய புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டியது. “எம் பேரு அவ்வளவு வேணுமா உங்களுக்கு?”

“எனக்கில்ல. தெருவுக்கு வேணும்.”

“அப்ப தண்ணியே இருக்கட்டும்.”

“மனையையாவது குடுங்க. அந்தக் காசுல தளத்தை உசத்திக்கலாம்.”

“கதவைத் திறந்து விட்டுட்டுப் போங்க மேஸ்திரி, சாத்தினா தண்ணி வெளிய போகாது” என்றார்.

அவ்வளவு பிடிவாதம். மழை பாதியில் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருக்கிற தம்பி வீட்டுக்குப் போனார். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை. என்னிடம் பேசாத அந்தச் சைக்காக்காரன்தான் ஏற்றிக்கொண்டு போனான், கூலி வாங்கவில்லை என்றார்கள். புது ரோட்டில்தான் போனான். குலுங்கியிருக்காது.

மழை முடிந்ததும் கல் நடுவதற்காக டீக்கடையில் கூடினோம். கல் வந்துவிட்டது, பெயர் வெட்டுகிறவனும் வந்திருந்தான். யார் யார் பெயர் எந்த வரிசையில் என்று பேச்சு. என் பெயர் மேலே வரும் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

“முதல் வரி சங்கிலிக்காரருக்கு. பேரு தெரியாதே, எப்படி வெட்டுறது?” என்றார் பாய்.

மொஹிங்காக்காரி பின்னால் நின்றிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து பர்மியத்தில் சொன்னாள்: “போற வழியில போட்டது யாரோ இல்ல. ஸயாமா. மார்க்கெட்டுலேருந்து வரும்போது நின்னு, கழுத்துலேருந்து கழட்டி, கைக்குட்டையில முடிஞ்சு என் கிண்ணத்துல வச்சாங்க. அவங்கம்மாவோடதாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன்.”



“அப்பவே சொல்றதுக்கு என்ன?” என்றேன்.

“வாக்குக் குடுத்தேன்னு சொல்றேன்ல ஊலே. தண்ணி அவங்க வீட்டுக்குள்ள போகும்னு எனக்கென்ன தெரியும்? நான் மீன் வேகவைக்கிறவ. உங்களுக்குத்தான் தெரியும், கயிறு கட்டினது நீங்கதானே? தண்ணி உள்ள போன அப்புறம் சொல்லட்டுமான்னு அவங்ககிட்டயே போய்க் கேட்டேன். வேண்டாம்னாங்க. இப்ப அவங்க இங்க இல்ல, சொல்லிட்டேன்.” பிறகு ரோட்டைக் காட்டினாள். “அந்தத் தார் முழுக்க அவங்க கழுத்துல இருந்தது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் என் மைக்குக்குச் சிரித்தவர்கள், தாடு சொன்னவர்கள். ஒருவன், “மனைக்காகத்தானே சரிச்சீங்க?” என்று கேட்டான். இல்லை. மனை கேட்டது ஒரு விஷயம், ரோடு வேறு விஷயம். கொடுக்கவில்லை என்பதற்காகச் சரித்தேன். கொடுத்ததை ஒளித்து வைத்தால் அது என் கண்ணுக்குக் கொடுக்காததுதான். கிண்ணம் எதற்காகக் குலுங்குகிறது? மைக் எதற்காக இருக்கிறது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வாசலில்தான் முதல் செங்கல் வைத்திருப்பேன். அதை அங்கேயே சொன்னேன்.

பாய் மெதுவாகப் பேசினார். “அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. அந்த ஓரத்தைக் கொத்தி எடுத்துச் சரிவை மாத்துங்க. அவங்க வாசல்ல சாக்கடை கட்டுங்க. நாம எல்லாரும் மாவ்பி போய்க் கூட்டிட்டு வருவோம். அதுக்கப்புறம் உங்க பேரை வெட்டுவோம்.”

“முதல்ல பேரை வெட்டுங்க. மறுநாள் காலையில கடப்பாரை எடுக்கறேன்.”

“முதல்ல வாய்க்கால் அண்ணே.”

“முதல்ல பேரு.”

“நீங்க கல்லு குடுத்தீங்க, கல்லுக்குக் காசு வாங்கிட்டீங்க. குடுத்தவங்க பேருதானே கல்லுல வரும்?” என்று மூலையில் இருந்தவன் சொன்னான். அன்றைக்கு லாரி யாருடையது என்று குத்திக் காட்டிய அதே ஆள். டீசல் என்னுடையது, கூலியில்லாத வேலை என்னுடையது, வெயில் என்னுடையது, அத்தனை பேருடைய சாபமும் என்னுடையது. அதற்கெல்லாம் யாரும் காசு கொடுக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

பெயர் வெட்டுகிறவன் என் பெயர் இல்லாமலே வெட்டினான். இன்னொரு மழைக்காலமும் வந்து போகிறது. ஸயாமா வீட்டுப் பூட்டு துருப்பிடித்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெஞ்சுகள் தெரிகின்றன, தண்ணீரில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு. தளம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்; பலகைச் சுவர் தாங்காது, அடிப்பகுதி உளுத்துவிட்டது, தட்டிப் பார்த்தேன். அவர் திரும்பி வருவதற்கு ஒரு வாய்க்கால் போதும். எனக்கு அது ஒரு நாள் வேலை. செங்கல்கூட என் கிடங்கில் தனியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

கல்லின் முதல் வரியில் ‘பெயர் சொல்லாத ஒருவர், தங்கச் சங்கிலி’ என்று வெட்டியிருப்பதாக வாசித்துச் சொன்னார்கள். பெயர் வேண்டாம் என்றவருக்கு ஒரு வரி இருக்கிறது. பெயர் வேண்டும் என்று கேட்டவனுக்கு இல்லை. மருந்துக் காசை மேஜையில் வைத்தவன் பெயர் இருக்கிறது, அதை அவனிடமிருந்து வரவழைத்தவன் பெயர் இல்லை. கடைசி வரிக்குக் கீழே இன்னும் இடம் விட்டிருக்கிறது, நான் விரல் வைத்து அளந்துவிட்டேன், என் பெயர் தாராளமாக அடங்கும். பாய், தெருப் பெரியவர்களே, இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்: ரோடு போட்டவன் நான். உளிக் கூலியை நானே கொடுக்கிறேன். என் பெயரைக் கல்லில் வெட்டுங்கள்.